மூடிய பெட்ரோல் பங்க்கும் என் கிணறும்

முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அடமானக் கடனுக்கு வரும் நிலப் பத்திரங்களைப் பார்ப்பது என் வேலையில் பாதி. மூலப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் சரியாக இருந்தால்தான் கையெழுத்து. 2017இல் எனக்கென்று திண்டிவனம் பக்கத்தில் மூன்றரை ஏக்கர் வாங்கியபோதும் அதே கண்ணோடுதான் வாங்கினேன். அதில் சாலையோரத்து 40 சென்ட், முன்பு பெட்ரோல் பங்க் இருந்த இடம். புறவழிச்சாலை வந்ததும் வண்டி வரத்து குறைந்து 2014இல் பங்க்கை மூடிவிட்டார்கள். 'ரோட்டு முகப்பு, பின்னாடி நல்ல விலைக்குப் போகும்' என்று மனசுக்குள் ஒரு கணக்கு வேறு போட்டேன். வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. மண்ணுக்கு அடியில் இருக்கும் வில்லங்கத்துக்கு எந்தச் சார்பதிவாளர் அலுவலகமும் சான்று தருவதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வருஷம் நன்றாகவே போனது. கீரை, கத்தரி, வெண்டை, ஓரத்தில் முருங்கை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எனக்கென்று இருபது முப்பது வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை சரி, உப்பு சரி. நைட்ரேட் மட்டும் ஏறக்குறைய பூஜ்யம். சுற்றுவட்டாரத்தில் யூரியா கொட்டிக் கொட்டி எல்லார் கிணற்றிலும் நைட்ரேட் ஏறிக் கிடக்கும்போது என் கிணற்றில் மட்டும் இல்லை! இயற்கை விவசாயத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தச் சோதனை அறிக்கையை லேமினேட் செய்து சந்தையில் தராசுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தேன்.

அந்தத் தாள்தான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. படிக்கத் தெரியாமல் அதையே விளம்பரமாக மாட்டியிருந்தேன்.

இரண்டாவது எச்சரிக்கையைச் சொன்னது மாடு பார்த்துக்கொள்ளும் அக்கா. "சார், மோட்டார் போட்டதும் மொதல்ல வர தண்ணியில கிருஷ்ணாயில் வாடை அடிக்குது. மாடு மூஞ்சத் திருப்பிக்குது" என்றார். மோட்டாரில் கிரீஸ் கசிந்திருக்கும் என்று நான் தள்ளிவிட்டேன். மூன்று மாதம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் அத்தனை சோதனைக் கருவிகளையும்விட முந்திக்கொண்டது அந்த அக்காவின் மூக்கும் மாட்டின் மூக்கும்தான்.

படலம் எண்ணெயா, இரும்பா?

ஒரு நாள் தொட்டியில் வானவில் நிறத்தில் படலம் மிதந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இங்கே ஒரு சின்னச் சோதனையைத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் இதே மாதிரி மினுமினுப்பான படலம் வரும். அது நுண்ணுயிர் உண்டாக்குவது, எண்ணெய் கிடையாது. ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். இரும்புப் படலம் உடைந்த கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலம் குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடிக்கொள்ளும். என் தொட்டியில் சில்லு சில்லாகவும் பிரிந்தது, ஓரத்தில் கூடிக்கொள்ளவும் செய்தது. இரண்டும் இருந்திருக்கிறது. ஏன் இரண்டும் என்பது பிறகுதான் விளங்கியது.

நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். என் நைட்ரேட் பெருமையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. "சுத்தி எல்லார் கிட்டயும் இருக்கிறது உங்க கிட்ட மட்டும் இல்லன்னா, அதை யாரோ தின்னுட்டு இருக்காங்கன்னு அர்த்தம் சார்" என்றார்.

விஷயம் இதுதான். மண்ணுக்குள் பெட்ரோல் கசிந்தால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உணவாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மூச்சு வேண்டும். முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கும். அது தீர்ந்ததும் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுக்கும். அப்புறம் மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் போகும். பாறையிலும் மண்ணிலும் துரு மாதிரி ஒட்டியிருந்த இரும்பு அப்போதுதான் கரைந்து தண்ணீரில் வரும், தொட்டியில் காற்றுப் பட்டதும் செம்மண் நிறத்தில் படியும். சல்பேட் வரைக்கும் போய்விட்டால் அழுகிய முட்டை வாடை. ஆக, நைட்ரேட் காணாமல் போவது, இரும்பு திடீரென்று ஏறுவது, முட்டை வாடை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மேல்புறத்தில் எதோ ஒரு கரிமப் பொருள் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பெட்ரோலாகவும் இருக்கலாம், சாக்கடையாகவும் இருக்கலாம், சர்க்கரை ஆலைக் கழிவாகவும் இருக்கலாம். எது என்று சொல்லாது. எதோ இருக்கிறது என்று சொல்லும்.

பழைய நோட்டுப் புத்தகம்

எந்தப் பழைய பங்க் இடத்தை ஆராய்ந்தாலும் முதலில் கையில் எடுக்க வேண்டியது மண்வெட்டி அல்ல, அந்த இடத்தின் சரித்திரம். எத்தனை டேங்க், எங்கே புதைத்தார்கள், எந்த வருஷம், எதில் பெட்ரோல், எதில் டீசல், லாரி நின்று இறக்கிய நிரப்புவாய் எங்கே, குழாய் எந்த வழியாகப் போனது, மூடும்போது எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள். கசிவு இந்த இடங்களில்தான் நடக்கும்: குழாய் மூட்டு, லாரி இறக்கும்போது வழியும் நிரப்புவாய், துருப்பிடித்த டேங்க்கின் அடி. அடியிலும் குறிப்பாக, அளவுகோலை விட்டு அளக்கும் துளைக்கு நேர் கீழே. தினம் இரண்டு வேளை அந்தக் கோல் ஒரே இடத்தில் போய் முட்டும். பல வருஷம் முட்டினால் இரும்புத் தகடு என்ன ஆகும்?

பங்க்கில் கணக்குப் பார்த்தவர் இப்போது அதே சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இரண்டு நாள் டீ குடித்துப் பேசியதில் வீட்டுப் பரணிலிருந்து நோட்டு வந்தது. முதலாளிக்குக் கொடுக்கும் பதிவேடு தனி. இது அவர் தன் பாதுகாப்புக்காக எழுதி வைத்தது. காலை இருப்பு, வந்த லோடு, விற்றது, மாலை இருப்பு, வித்தியாசம்.

கணக்கு நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. அளவுகோலில் பார்த்துப் படிக்கும்போது பிழை வரத்தான் செய்யும். ஒரு நாள் 15 லிட்டர் கூட, மறுநாள் 12 லிட்டர் குறைவு. கை தவறும் பிழை இரண்டு பக்கமும் விழும், மாசக் கடைசியில் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். ஒரே பக்கமாக விழுந்துகொண்டே இருந்தால் அது பிழை இல்லை. வங்கிக் காசாளர் கணக்கிலும் அப்படித்தான். டீசல் டேங்க்குகள் இரண்டிலும் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி இருந்தன. பெட்ரோல் டேங்க்கில் கடைசி பதினான்கு மாதமும் பெரும்பாலும் குறைவுதான். சராசரியாக நாளுக்கு 9 லிட்டர். வருஷத்துக்கு 3,285 லிட்டர். பெட்ரோல் ஆவியாகும், அதற்கென்று ஒரு பங்கைத் தள்ளினாலும் மீதி எங்கே போனது?

"அப்பவே சொன்னேன் சார். ஆவியாப் போறதுதான்னுட்டாங்க" என்றார் அவர்.

இந்த அளவு எவ்வளவு பெரியது என்று புரிய ஒரு சின்னக் கணக்கு. பெட்ரோலில் உள்ளதிலேயே மோசமானது பென்சீன். புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, அமெரிக்காவில் 5. பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் என்று வைத்தால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, அதாவது சுமார் 8.8 கிராம். வரம்பைத் தொடும்படி அதைத் தண்ணீரில் கலந்தால் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீர் வரும். இருபதடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் பத்தடித் தண்ணீர் என்றால் சுமார் 90 ஆயிரம் லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட பத்துக் கிணறு! மண்ணில் ஒட்டுவது, ஆவியாவது, நுண்ணுயிர் தின்பது என்று பல வழியில் குறையும் என்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம்.

மேல்மண் பொய் சொல்லும்

நான் செய்த அடுத்த தப்பு, நம்மில் எல்லாரும் செய்யக்கூடியது. வேளாண்மைத் துறை சொல்லிக் கொடுத்தபடி 'வி' வடிவில் அரையடிக் குழி வெட்டி, பத்து இடத்து மண்ணைச் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ மண் எடுத்து அனுப்பினேன். தழை, மணி, சாம்பல் சத்துக்கு அது சரியான முறை. பெட்ரோலுக்கு அதைவிடத் தப்பான முறை கிடையாது. கலக்கும்போதே ஆவியாகிற பொருள் எல்லாம் போய்விடும். அரையடி ஆழத்தில் எதுவும் இருக்கவும் இருக்காது.

டேங்க்கின் அடி பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தில் இருக்கிறது. கசிந்தது அங்கிருந்து கீழேதான் போகும். மண் துகளுக்கு இடையில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஆவியாக மண் இடுக்கில் நிற்கும், மீதி நீர்மட்டம் வரை இறங்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. அதனால் அதற்கு மேல் உள்ளே போகாமல் நீர்மட்டத்தின் மீது ஆடை மாதிரி பரவி நிற்கும். அதிலிருந்து பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, நிலத்தடி நீர் ஓடும் திசையில் வால் மாதிரி நீளும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். ஐப்பசி கார்த்திகையில் நீர்மட்டம் பத்தடிக்கு ஏறும், சித்திரை வைகாசியில் முப்பது நாற்பதடிக்கு இறங்கும். மிதக்கும் பெட்ரோலும் கூடவே ஏறி இறங்கும். சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி அந்த இருபது முப்பது அடி மண் முழுக்கப் பூசிவிட்டுப் போகும். கோடையில் தண்ணீர் தெளிவாக இருந்து, மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறியதும் வாடை அடிப்பது இதனால்தான். வழக்கமாக மழை வந்தால் கிணறு சுத்தமாகும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ்.

பங்க் இடத்தில் கைத்துளைப்பானால் ஐந்து இடத்தில் துளை போட்டோம். டேங்க் குழி ஓரம், நிரப்புவாய், பெட்ரோல் போட்ட மேடை, குழாய் திரும்பிய முனை, எதுவும் இல்லாத ஒரு மூலை. அந்தக் கடைசி மூலை ஒப்பிட்டுப் பார்க்க. ஒவ்வொரு மூன்றடிக்கும் வந்த மண்ணைத் தனித்தனியாகக் கண்ணாடிக் குப்பியில் அமுக்கி மூடினோம். ஒரு பிடி மண்ணைத் தெளிவான பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் எண்ணெய் மேலே மினுங்குவது தெரியும்; எந்த மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய அது போதும். ஆறடி வரை ஐந்து துளையிலும் சுத்தமான செம்மண். நிரப்புவாய் பக்கத்துத் துளையில் ஒன்பதடியில் மண் சாம்பல் பச்சை நிறத்துக்கு மாறியது. பதின்மூன்றடியில் துளைப்பானை வெளியே எடுத்தபோது யாரும் குனிந்து முகர வேண்டியிருக்கவில்லை.

முகரவும் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சந்தேகமான கிணற்றில் தூர் வாரவோ மோட்டார் பார்க்கவோ ஆளை இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கிணற்றின் அடியில் தேங்கி நிற்கும். மயக்கம் வந்தால் தூக்குவதற்குள் உயிர் போய்விடும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். புதைந்த டேங்க் காலியாக இருந்தால் ஆபத்து இல்லை என்று நினைப்பதும் தவறு. நிறைந்த டேங்க்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்து அறுக்கச் சொல்லாதீர்கள். பெட்ரோல் சேமிப்புக்கு உரிமம் தருவது வெடிபொருள் பாதுகாப்புத் துறை. டேங்க்கை எடுப்பதும் அவர்கள் விதிப்படிதான்.

2000 பிப்ரவரிக்கு முன்பிருந்தே நடந்த பங்க் என்றால் பெட்ரோல் போட்ட மேடையைச் சுற்றி மேல்மண்ணில் ஈயமும் பாருங்கள். அதுவரை நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்றது. ஈயம் ஆவியாகாது, அதை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. என் இடத்தில் இந்த ஒன்று மட்டும் கவலைப்படும் அளவில் இல்லை.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது

கண்ணுக்குத் தெரியாத தண்ணீரின் ஓட்டத்தைக் கண்டுபிடிக்க மூன்று கிணறு போதும். மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். என் கிணறு பங்க்குக்குத் தெற்கே 180 அடி. பக்கத்து நிலக்காரர் கிணறு வடமேற்கே. கோயில் நிலத்துப் பாழ்க்கிணறு கிழக்கே, ஏரிப் பக்கம்.

கிணற்று மேடுகள் ஒரே உயரத்தில் இருக்காது. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தைக் கொண்டு ஐம்பது ஐம்பது அடியாக நகர்ந்து மூன்றையும் ஒரே மட்டக்கோட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு முழு நாள் வேலை. மூன்று கிணற்றிலும் பத்து நாள் மோட்டார் போடாமல், ஒரே விடியற்காலையில் கயிறு விட்டு அளந்தோம். அந்தப் பொது மட்டத்திலிருந்து பக்கத்து நிலத்தில் தண்ணீர் 24 அடியில், என் கிணற்றில் 25 அடியில், கோயில் கிணற்றில் இருபத்தேழரை அடியில். எண் பெரிதாக இருக்கும் இடம்தான் பள்ளம். ஆக இயல்பான ஓட்டம் கிழக்கே, ஏரியை நோக்கி.

அப்படியானால் தெற்கே இருக்கும் என் கிணற்றுக்குப் பெட்ரோல் எப்படி வந்தது? மோட்டாரை ஓடவிட்டு மூன்றாம் நாள் அளந்தோம். என் கிணறு 33 அடிக்கு இறங்கியிருந்தது. இப்போது எல்லாப் பக்கத்துக்கும் பள்ளம் என் கிணறுதான். நான்தான் ஐந்து குதிரைத் திறன் மோட்டாரை வைத்து அதை என் பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எங்களுடையது பாறைப் பூமி. தண்ணீர் வெடிப்பு வழியாக வளைந்து வளைந்து போகும் என்பதால் மூன்று கிணற்றுக் கணக்கு ஒரு திசைகாட்டி மாதிரிதான், முடிந்த முடிவு இல்லை என்று நண்பர் எச்சரித்தார். சுண்ணாம்புப் பாறைப் பூமியில் இன்னும் மோசம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் டீசல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்ததைப் படித்திருப்பீர்கள். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. ஓட்டையும் பொந்துமான அந்தப் பாறையில் எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

கிழக்கே, கோயில் கிணற்றைத் தாண்டி, காலனிக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊராட்சி ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அக்காவின் வீடும் அங்கேதான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இறைத்தால் என் கீரைக்கு வருகிறது. நான் நிறுத்தினால் அவர்கள் குடத்துக்குப் போகிறது. கிணற்றை மூடிவிட்டு வேறு இடத்தில் போர் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. வெளியே சொன்னால் என் சந்தை போய்விடும், நிலத்தின் விலை போய்விடும். கடன் கேட்டு வருகிறவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று முப்பத்து நான்கு வருஷம் துருவியவன் நான். மறைக்கிறவன் மனசு உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாதிரி எடுப்பது

ஆய்வகத்தைத் தேடும்போது 'தண்ணீர் சோதனை' என்று மட்டும் கேட்காதீர்கள். தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா, ஆவியாகும் கரிமப் பொருட்களைப் பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு பொருட்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே நைட்ரேட், இரும்பு, சல்பேட், ஈயம், தாது எண்ணெய். இந்தியக் குடிநீர்த் தரத்தில் தாது எண்ணெய் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. செலவு சாதாரணச் சோதனையைப் போலப் பல மடங்கு ஆகும். நாலைந்து பேர் சேர்ந்து கொடுங்கள்.

மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துப் போனால் காசு வீண். ஆய்வகமே 40 மில்லி கண்ணாடிக் குப்பி தரும். உள்ளே சில சொட்டு அமிலம் விட்டிருப்பார்கள், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். விளிம்பு வழிய நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் அந்தக் குப்பி ஆகாது. பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஆவியாகப் போய்விடும். ஆழ்துளைக் கிணற்றில் தேங்கி நின்ற தண்ணீர் வெளியேறும்வரை ஓடவிட்டு, பிறகு குழாயை மெல்லத் திறந்து சலசலப்பில்லாமல் பிடிக்க வேண்டும். திறந்த கிணற்றில் தொட்டியில் கொட்டும் தண்ணீரைப் பிடிக்காமல், எடை கட்டிய குப்பியைக் கயிற்றில் இறக்கி எடுக்க வேண்டும். எடுத்ததும் ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டியை வண்டியில் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மாதிரி எடுக்கப் போகிற அன்றைக்குக் காலையில் பங்க்கில் நின்று பெட்ரோல் போட்டுக்கொண்டு அந்தக் கையோடு குப்பியைத் தொடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நான் அதையும் செய்தேன். நல்ல தண்ணீர் நிரப்பிய குப்பி ஒன்றை அடையாளம் சொல்லாமல் கூடவே அனுப்பியிருந்ததால் தப்பித்தேன். அதிலும் டொலுவீன் வந்திருந்தது. மொத்தமும் மறுபடி எடுத்தோம்.

இரண்டாம் முறை வந்த முடிவு: என் கிணற்றில் பென்சீன் லிட்டருக்கு 46 மைக்ரோகிராம். பக்கத்து நிலத்தில் இல்லை. கோயில் கிணற்றில் 8. காலனி ஆழ்துளைக் கிணற்றில் பென்சீன் கண்டறியும் அளவுக்குக் கீழே.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். நண்பர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "நைட்ரேட் பாருங்க" என்றார். காலனித் தண்ணீரில் நைட்ரேட் மிகக் குறைவு, இரும்பு ஏறியிருந்தது. பென்சீன் இன்னும் வரவில்லை. அதைத் தின்பவர்களின் தடம் வந்துவிட்டது.

பஞ்சகவ்யாவால் ஆகுமா?

நம் கூட்டங்களில் இதைச் சொன்னதும் வந்த முதல் யோசனை, கிணற்றில் பஞ்சகவ்யா ஊற்றுங்கள், ஜீவாமிர்தம் விடுங்கள் என்பதுதான். எனக்கும் நம் இடுபொருட்கள் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் இதற்கு ஆகாது. இருபதடிக்குக் கீழே நுண்ணுயிர் இல்லாமல் வேலை நிற்கவில்லை, ஆக்சிஜன் இல்லாமல் நிற்கிறது. அங்கே சாணியும் வெல்லமும் ஊற்றினால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அதுவே தின்றுவிடும். குடிக்கும் நீரில் சாணிக் கிருமி வேறு.

நுண்ணுயிர் தானாகவே வேலை செய்யும் என்பது உண்மை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1979 ஆகஸ்டில் கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. அள்ள முடிந்ததை அள்ளிவிட்டு மீதியை அங்கேயே விட்டு, என்ன நடக்கிறது என்று அந்நாட்டுப் புவியியல் துறை 1983 முதல் அளந்து வருகிறது. ஆக்சிஜனில் தொடங்கி இரும்பு வரைக்கும் நுண்ணுயிர்கள் வரிசையாகப் பயன்படுத்துவதை அங்கேதான் படிப்படியாகப் பார்த்தார்கள். கரைந்த நஞ்சு பயந்த அளவு தூரம் போகவில்லை. ஆனால் நாற்பது வருஷம் கழித்தும் எண்ணெய் அங்கே இருக்கிறது. இயற்கை சரிசெய்யும்தான். அதுவரை காலனிக் குழந்தைகள் காத்திருக்க முடியாது.

நம் முறை வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு, மோட்டார் கொட்டகை. டீசல் எஞ்சின் வைத்திருக்கும் ஒவ்வொருவர் நிலத்திலும் ஒரு குட்டி பங்க் இருக்கிறது. கேனிலிருந்து வழிந்து வழிந்து கறுத்துப்போன அந்த மண்ணைத் தோண்டி எடுத்து, தார்ப்பாயில் அரையடி உயரத்துக்குப் பரப்பி, மக்கிய எருவும் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கும் கலந்து, புட்டு மாவுப் பதத்தில் ஈரம் வைத்து, வாரம் ஒரு முறை புரட்டிவிடுங்கள். மழை படக்கூடாது. டீசல் முழுக்கக் கரிமம். அதைத் தின்னும் நுண்ணுயிருக்குத் தழைச்சத்துதான் பற்றாக்குறை, பிண்ணாக்கு அதற்குத்தான். சில மாதத்தில் குலுக்கல் சோதனையில் மினுமினுப்பு நிற்கும். அப்போதும் அந்த மண்ணைக் கீரைப்பாத்தியில் போடாமல் வரப்போரத்து மரத்துக்குப் போடுங்கள்.

யாரிடம் போவது

ஊராட்சித் தலைவரிடம் அறிக்கையோடு போனேன். மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அந்த எண்ணெய் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதினேன். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில்தான். சுன்னாக வழக்கிலும் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் இரண்டு கோடி இலங்கை ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடும் சீரமைப்பும் கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷம்தான் கெடு; மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு ஆறே மாதம். அதனால் முதல் சந்தேகம் வந்த நாளிலிருந்து தேதி போட்டு நோட்டு எழுதுங்கள். அக்கா முதலில் சொன்ன தேதி என் நோட்டில் இல்லை. மூன்று மாதம் கழித்து நான் பயந்த தேதிதான் இருக்கிறது. இது யாரைக் குறை சொல்ல?

நிறுவனத்திலிருந்து இரண்டு முறை வந்து பார்த்தார்கள். மூன்றாவது டேங்க்கை மணல் நிரப்பி உள்ளேயே விட்டிருந்தது தெரிந்து, அதை வெளியே எடுத்து, அடியிலிருந்த மண்ணையும் அள்ளிப் போனார்கள். தண்ணீர் விஷயத்தில் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. கோப்பு தடித்துக்கொண்டே போகிறது.

சந்தையில் அந்த லேமினேட் தாளைக் கழற்றிவிட்டுப் புதிய அறிக்கையை வைத்தேன். பென்சீன் வாய்க்காலில் ஓடும்போதே பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். அதையும் சொன்னேன். பதினொரு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது பக்கத்து நிலக்காரரிடம் தண்ணீர் வாங்கி ஒன்றரை ஏக்கர் மட்டும் செய்கிறேன். என் கிணற்று மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, நிலக்கரிப் பொடி வடிப்பானில் விட்டு எடுக்கலாமா, அதனால் காலனிப் பக்கம் போவது நிற்குமா என்று நண்பர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

காலனிக்கு ஊராட்சி, பங்க்குக்கு மேற்கே, ஓட்டத்துக்கு மேல்பக்கம் புது ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டது. தண்ணீர் விட்ட அன்று அக்கா முதல் குடத்தைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "ஒன்னும் இல்ல சார்" என்றார். நான் இருந்தாலும் இரண்டு குப்பி நிரப்பி, கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அடுத்தது தை மாதம் எடுக்க வேண்டும்.